மூங்கில் யாருக்கு?

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் கௌரி ஹப்பா. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பெங்களூரில் காந்தி பஜார், மல்லேஸ்வரம், கே.ஆர். மார்க்கெட் நடைபாதைகளில் மூங்கில் முறங்கள் அடுக்கடுக்காக வந்து இறங்கிவிடும். ஜோடி ஜோடியாகத்தான் வாங்குவார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், வளையல், சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துணி எல்லாம் ஒரு முறத்தில் நிரப்பி, இன்னொன்றைக் கவிழ்த்து மூடி, சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு சுமங்கலிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். மொரத பாகினம் என்று பெயர். அரிசி புடைக்க எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் முறத்தில் வந்த பாகினத்தை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் மாமியாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆக, இந்த நகரத்துக்கு வருஷத்தில் ஒரு வாரம் முறம் முடைபவர் கட்டாயம் தேவைப்படுகிறார். மற்ற ஐம்பத்தோரு வாரமும் அவர் என்ன செய்கிறார், அவருக்கு மூங்கில் எங்கிருந்து வருகிறது என்பது வாங்குகிறவர் கவலைப்படும் விஷயமில்லை. நாமும் அப்படித்தான். முறத்தால் புலியை விரட்டிய பெண்ணைப் பற்றி மேடைக்கு மேடை பேசியிருக்கிறோம். அந்த முறத்தை முடைந்தது யார் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

கர்நாடகத்தில் முடைகிறவர்கள் பெரும்பாலும் மேதர் சமூகத்தினர். கௌரிக, புருட என்றும் சில பகுதிகளில் சொல்வார்கள். மாநிலத்தின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். தெலுங்கு, கன்னட, ஒடிய, தமிழ் நாடுகளில் மூங்கில் வேலை செய்பவர்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இவர்களைக் குறித்திருக்கிறார். பெங்களூர் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பகுதிக்கு இன்றைக்கும் பேம்பூ பஜார் என்றுதான் பெயர். சிவாஜிநகர் பக்கத்துத் தமிழர்களுக்கு அந்தப் பெயர் அத்துப்படி. சாரம் கட்ட, பந்தல் போட, ஏணிக்கு, தட்டிக்கு, கூடைக்கு என்று நகரம் தனக்கு வேண்டிய மூங்கிலை ஒரு காலத்தில் அங்கேதான் வாங்கியது. தொட்டிலும் இவர்கள் கையிலிருந்துதான் வரும், பாடைக்கான மூங்கிலும் இவர்களிடமிருந்துதான்.

வேலை கத்தியில் தொடங்குகிறது. மூங்கில் பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்துபோனால் பிளக்கும்போது வழிதவறிச் சிலும்பிவிடும். கணுக்களைச் செதுக்கி மழித்துவிட்டு, முனையில் கத்தியை வைத்து ஒரே தட்டு. அதற்குப் பிறகு வெட்டுவது என்பதே இல்லை. கத்தியை லேசாகத் திருகிக் கொடுத்தால் மூங்கில் கணுக் கணுவாக வெடித்துக்கொண்டு தானே போகும். பாதி, கால், அரைக்கால் என்று பிளாச்சு மெலிந்துகொண்டே வரும். அடுத்து, தோல் வேறு சதை வேறாக உரிக்க வேண்டும். பச்சைத் தோல் பக்கம் வழவழப்பு. எப்படி வளைத்தாலும் ஒடியாது, வருஷக்கணக்கில் உழைக்கும். உள்பக்கச் சதை வெளுப்பாக இருக்கும், சீக்கிரம் உளுத்துப்போகும். மலிவுக் கூடையும் நல்ல கூடையும் பிரிவது இந்த இடத்தில்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். விளிம்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடையும்போது கால் பெருவிரலும் ஒரு கருவி. பத்தையின் ஒரு நுனியை விரலிடுக்கில் கொடுத்து இறுக்கிக்கொண்டு மறு நுனியைச் சீவுவார்கள். கூடைக்கு அடிப்பக்கம் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவிலிருந்து இழையைச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரே இழையால் சுற்றினால், நிற்கும் பத்தைகள் ஒற்றைப்படையில் இருந்தாக வேண்டும். இரட்டைப்படையாகிவிட்டால் அடுத்த சுற்றிலும் இழை போன தடத்திலேயே மேலும் கீழும் போகும், பின்னல் பிடிக்காது. கணக்கு வாத்தியாருக்கு இதை விளக்க ஒரு பலகை வேண்டும். இங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளை அம்மா பக்கத்தில் உட்கார்ந்தே பிடித்துக்கொண்டுவிடும். முறத்துக்குப் பின்னல் வேறு. இரண்டைத் தாண்டி இரண்டின் கீழ் நுழைவது, வரிசைக்கு வரிசை ஒன்று தள்ளி. அதனால்தான் முறத்தில் சாய்கோடுகள் ஓடுகின்றன, அரிசி நொய்கூட இடுக்கில் சிக்காமல் வழுக்கிப் போகிறது.

மேதர்களுக்கு ஒரு பெரிய முன்னோர் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், பசவண்ணரின் காலத்தில் வாழ்ந்த மேதார கேதய்யா. மூங்கில் வெட்டிக் கூடையும் முறமும் முடைந்து, அந்த வருமானத்தில் சிவனடியார்களுக்கு அன்னமிட்டவர். கவரேஸ்வரர் பெயரை முத்திரையாக வைத்து வசனங்கள் பாடியவர். அவரைச் சோதிக்க மூங்கிலுக்குள் பொன் வைக்கப்பட்டதாகவும், வெட்டும்போது உதிர்ந்த பொன்னைப் புழு என்று நினைத்து, இந்த மூங்கில் உளுத்துவிட்டது என்று ஒதுக்கிவிட்டு அடுத்த மூங்கிலுக்குப் போனதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அடியார் கதைகளில் பொன்னை உதறுகிறவர்கள் நிறைய. தொழில்காரன் கண்ணால் அதைப் பார்த்து உதறியவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

பட்டுப்புழுவுக்கு ஒரு வீடு

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம். ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படும் பட்டுக்கூடுச் சந்தை அங்கே இருக்கிறது. அந்த வட்டாரத்திலும் சிட்லகட்டா பக்கமும் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பெரிய மூங்கில் தட்டிகளைப் பார்க்கலாம். ஆறடிக்கு நாலடி. தட்டியின் மேல் மூங்கில் பட்டையை நிறுத்தி வைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகச் சுருட்டியிருப்பார்கள். பெயர் சந்திரிகை. இலை தின்று முடித்துக் கூடு கட்டத் தயாரான புழுக்களை அதில் எடுத்து விட்டால், சுருளின் இடுக்குகளில் ஆளுக்கொரு இடம் பார்த்துக்கொண்டு நூல் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் தட்டி முழுக்கக் கூடு. சந்திரிகையைச் சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுப்பதும் உண்டு.

காஞ்சிபுரம் தறிகளுக்கும் கர்நாடகப் பட்டு நூல்தான் பெருமளவில் போகிறது. கல்யாணப் புடவையின் பெருமையில் நெசவாளருக்குப் பங்கு உண்டு, ஜரிகைக்கும் உண்டு. புழுவுக்கு இடம் கட்டிக் கொடுத்த மேதருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. இப்போது மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் வலைகள் வந்துவிட்டன. கழுவலாம், இடம் அடைக்காது, விலையும் குறைவு. விவசாயியைக் குறை சொல்ல வழியில்லை.

பிளாஸ்டிக் வந்தது, கைத்தொழில் போனது என்று கதையை இங்கேயே முடித்துவிடுவது நம் வழக்கம். வார இதழ்களில் வரும் நலிந்த கலை கட்டுரைகள் பாதிக்கு மேல் அப்படித்தான் முடியும். ஆனால் கூடைக்காரர்களுக்கு அடி விழுந்தது பிளாஸ்டிக் பரவுவதற்கு முன்பே. அதுவும் சந்தையில் அல்ல, காட்டில்.

தண்டேலியும் ஒரு தாவரவியல் சண்டையும்

உத்தர கன்னட மாவட்டத்தில் தண்டேலி. அங்கே 1950களின் கடைசியில் வெஸ்ட் கோஸ்ட் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. காகிதக் கூழுக்கு மூங்கில். மூங்கிலுக்குப் பக்கத்திலேயே காடு. தொழில் வளர வேண்டும் என்ற ஆசையில் அரசு ஆலைக்கு மூங்கிலைக் கொடுத்த விலை, டன்னுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. அதே மூங்கிலுக்குச் சந்தையில் கூடைக்காரர்கள் கொடுத்தது பல நூறு மடங்கு. புத்தகம் அச்சடிக்கத் தாள் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அந்தத் தாளின் மலிவுக்கு மானியம் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

எழுபதுகளின் நடுவில் மூங்கில் அருகிப் போனது. ஆலைகள் காட்டை வழித்துவிட்டன என்று மேதர்கள் முறையிட்டார்கள். அதைப் பார்த்துச் சொல்லும்படி 1975-இல் கர்நாடக அரசு கேட்டுக்கொண்டது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த மாதவ் காட்கிலை. அவரும் எஸ். நரேந்திர பிரசாதும் காடு காடாகப் போய் மூங்கில் புதர்களை எண்ணினார்கள். ஏட்டில் இருந்த கையிருப்பு காட்டில் இல்லை என்பது முதலில் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மூங்கில் புதரின் அடியில் முட்கிளைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். அந்த முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தால் நெரிசல் குறைந்து புதர் செழிக்கும் என்பது வனத்துறைப் பாடம். அதன்படியே வெட்டச் சொன்னார்கள். முள்தான் குருத்துக்கு வேலி, அதை எடுத்தால் ஆடு மாடு தொடங்கி காட்டு விலங்குவரை எல்லாம் வந்து தின்றுவிடும் என்பது அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களின் பேச்சு. ஆய்வின் முடிவு ஊர்க்காரர்கள் பக்கம் நின்றது. இளங்குருத்தாக இருக்கும்போது ஒரு மூங்கில் தப்பித்துவிட்டால் சில மாதங்களில் முழு உயரம் வந்துவிடும், இரண்டு மூன்று வருஷத்தில் முற்றிவிடும். அந்த முதல் சில வாரங்களில் முள் இல்லாததால் பறிபோன மூங்கில்களுக்குக் கணக்கே கிடையாது. கர்நாடக மூங்கில் வளம் பற்றிய அவர்களின் அறிக்கை 1981-இல் வந்தது. கூடைக்காரர்களின் முறையீட்டிலிருந்து இந்தியச் சூழலியலில் ஒரு முக்கியமான ஆய்வு பிறந்திருக்கிறது. மேதர்கள் கேட்டது ஆய்வு அல்ல, மூங்கில்.

சட்டமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்ததில்லை. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று சொன்னது. மூங்கில் ஒரு புல் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மரம் என்றால் அது வனத்துறைச் சொத்து. புல் வகை, சிறு வனப் பொருள் என்றால் காட்டில் வாழ்கிறவருக்கு அதில் உரிமை. 2006-இல் வன உரிமைச் சட்டம்தான் மூங்கிலைச் சிறு வனப் பொருள் என்று தெளிவாக எழுதியது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா கிராமம் 2011-இல் தன் மூங்கிலைத் தானே வெட்டி விற்கும் உரிமையைப் பெற்றது. அதே 2011-இல் கர்நாடகத்தில் பிளிகிரி ரங்கன மலைச் சோளிகர்களுக்குப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை கிடைத்தது. 2017-இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து மத்திய அரசு எடுத்துவிட்டது. நல்ல செய்திகள்தான். ஆனால் பெங்களூர் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் மேதர் காட்டுவாசியும் இல்லை, மூங்கில் வளர்க்க நிலம் உள்ளவரும் இல்லை. இரண்டு கதவும் அவருக்குத் திறக்கவில்லை.

நாணற்காட்டை இழந்தவர்கள்

இதே கதை உலகத்தின் மறுபக்கத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப்பகுதியில் செரோக்கி பழங்குடியினர் கூடை முடைந்தது ஆற்றங்கரை மூங்கிலில். அந்த மண்ணுக்கே உரிய, நாணல்போன்ற மெல்லிய மூங்கில் அது. கறுப்பு வால்நட் வேரில் கரும்பழுப்பு, இன்னொரு செடியின் கிழங்கில் செம்மஞ்சள் என்று பத்தைகளுக்குச் சாயம் ஏற்றுவார்கள். அவர்களின் உச்சமான வேலை இரட்டைப் பின்னல். உள்ளே ஒரு கூடை, வெளியே ஒரு கூடை, இரண்டும் ஒரே பத்தைகளில் தொடர்ந்து ஓடும். எங்கே தொடங்கினார்கள், எங்கே முடித்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

1830-இல் பழங்குடிகளை வெளியேற்றும் சட்டம் வந்தது. 1838-39-இல் ஏறக்குறைய 16,000 செரோக்கிகள் துப்பாக்கி முனையில் மேற்கே ஓக்லஹோமா பக்கம் நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பழைய நாணற்காடு இல்லை. ஊரில் ஒளிந்து தங்கியவர்களின் பக்கமும் வயலும் மேய்ச்சலும் வந்து நாணற்காடு அழிந்துகொண்டே போனது. கை மறக்கவில்லை, பொருள்தான் இல்லை. அவர்கள் வெள்ளை ஓக் மரத்தைப் பிளந்து பத்தை எடுத்தார்கள், புதர்க்கொடிகளை எடுத்தார்கள். பிறகு ஜப்பானிய ஹனிசக்கிள். அழகுக்காக 1806-இல் நியூயார்க் பக்கம் கொண்டுவந்து வைத்த கொடி, வேலி தாண்டிக் காட்டை மூடிக்கொண்டிருந்தது. அந்தக் கொடியை அறுத்து, வேகவைத்து, தோலுரித்து, கூடையாக்கினார்கள்.

இரட்டைப் பின்னல் மட்டும் ஏறத்தாழக் கைவிட்டுப் போனது. அது திரும்பிவந்த விதம் விசித்திரமானது. தெற்குக் கரோலினா ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நிக்கல்சன் 1720களில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஒரு கூடை, செரோக்கிக் கூடை என்று கருதப்படுவது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1940-வாக்கில் அதன் புகைப்படத்தை வைத்துக்கொண்டு லாட்டி க்வீன் ஸ்டாம்பர் என்ற செரோக்கிப் பெண் பின்னலைப் படித்துக் கற்றார். அவர் வட கரோலினாவில் செரோக்கிப் பிள்ளைகளின் அரசுப் பள்ளியில் கூடை ஆசிரியை. தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிக்கூடங்களின் வழிவந்த பள்ளி அது. அதே வகுப்பறையில் பாட்டியின் பின்னலைப் பிள்ளைகள் கற்றார்கள். கூடை மனக்காயத்தை ஆற்றுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளும் இடம் இதுதான்.

யானைகள் வந்த வழி

2024 பிப்ரவரியில் லால்பாக்குக்குள் யானைக்கூட்டம் புகுந்தது. ஆளுயரத்துக்கு மேலே கொம்பனும் குட்டியுமாக, நிஜ அளவில். பெங்களூரே போய்ப் படம் எடுத்துக்கொண்டது. எல்லாம் உண்ணிச்செடியில் செய்தவை. நாலு தெரு தள்ளிக் காலி மனையில் மண்டிக் கிடக்கும் அதே உண்ணிச்செடி, பூ சிவப்பும் மஞ்சளுமாக, தொட்டால் ஒரு நெடி அடிக்கும் லாண்டானா.

அதுவும் அழகுக்காக வந்ததுதான். ஹனிசக்கிள் அமெரிக்கா போன அதே பத்தாண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து இறங்கியது. இன்று இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தழை தின்னும் விலங்குக்கு ஆகாது, தன் அடியில் புல்லை வளர விடாது. முன்பெல்லாம் கோடைக்கு முன் சருகுக்குச் சிறு தீ வைப்போம், அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் இந்தச் செடி தலையெடுத்தது என்று சோளிகர்கள் சொல்லிவருகிறார்கள். முள் விஷயத்தில் ஊர்க்காரர்கள் சொன்னதைப் போல இதையும் ஆய்வாளர்கள் இப்போதுதான் காதில் வாங்குகிறார்கள்.

மாதேஸ்வரன் மலைப் பக்கம் கூடை முடைகிறவர்களுக்கு மூங்கில் கிடைப்பது குறைந்தது. பெருமூங்கில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை கூட்டத்தோடு பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும். மிஞ்சியதை வெட்டத் தடை. கண்ணெதிரே வெட்ட வெட்ட வளர்ந்தது உண்ணிச்செடி ஒன்றுதான், அதை வெட்ட எந்தத் தடையும் இல்லை. அதில் கூடை முடைய அவர்களாகவே தொடங்கினார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனம் 2004-இல் அங்கே கைவினை மையம் ஏற்படுத்தி நாற்காலி, மேசை, அலமாரி என்று விரித்தது. செடியை வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, தோலுரித்தால் கரையான் அரிக்காத, வளையும் குச்சி கிடைக்கிறது. ஹனிசக்கிளுக்கு செரோக்கிகள் செய்த அதே பக்குவம். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

லால்பாக் யானைகள் கூடலூர் வட்டாரத்தில் செய்யப்பட்டவை. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் கைகள். ஒவ்வொரு யானையும் அந்தக் காட்டில் திரியும் ஒரு நிஜ யானையின் சாயல். இவற்றைப் போன்றவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் இதேபோல நூறு யானைகள் அமெரிக்கா போய், நியூயார்க், மியாமி என்று சுற்றி, மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

நூறு யானை செய்து ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரைச் சுத்தம் செய்துவிட முடியாது. செய்கிறவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கூடை முடையத் தெரிந்த கைக்கு ஒழுங்கான கூலி கிடைத்தது, அதுவே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆறுதல் யாருக்கு?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைக் கூடை வகுப்புகள் பெருகிவருகின்றன. மன அழுத்தம் குறையும் என்று விளம்பரம். பொய்யில்லை. முதல் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களுக்குக் கூடை முடையக் கொடுத்த காலத்திலிருந்து மருத்துவமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் தையல், தச்சு, மெழுகுவத்தி, பேக்கரி என்று இன்றைக்கும் கைவேலைதான் சிகிச்சையின் ஒரு பங்கு. திரும்பத் திரும்ப ஒரே அசைவு, கண்முன்னே ஒரு பொருள் உருவாவது, இரண்டும் மனத்தை ஓரிடத்தில் உட்காரவைக்கும்.

ஆனால் நாளெல்லாம் குனிந்து முடைகிறவருக்கு மிஞ்சுவது முதுகுவலி, விரல் நுனியில் சிலாம்பு ஏறி ஏறிக் காய்த்த தோல். இரண்டு மணி நேர வகுப்புக்கு முகம் சுளிக்காமல் கட்டணம் கட்டுகிறவர், வெளியே வந்து நடைபாதைக் கூடைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார். அதையும் பார்க்கிறோம். கைவேலையின் ஆறுதல் வாங்குகிறவருக்குப் போய்ச் சேருகிறது, செய்கிறவருக்கு இல்லை.

செட்டிநாட்டுக் கொட்டான் வேறு வழியில் போனது. ஆச்சிமார் மணி கோத்துச் செய்த பனையோலைக் கொட்டான் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தபோது, விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். அறக்கட்டளை காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. 2004-இல் யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரையும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய வேலை. அங்கே பனை ஊரிலேயே நின்றது, ஓலை வெட்ட யாரிடமும் பர்மிட் கேட்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

வட கரோலினாவில் செரோக்கிக் கைவினைஞர்கள் 1946-இல் குவாலா என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். உறுப்பினர்களே சொந்தக்காரர்கள். தரத்தையும் அவர்களே பார்க்கிறார்கள், சரக்கையும் கூட்டுறவு அவர்களிடமே வாங்கி விற்கிறது. நம் பக்கம் மேதர் கௌரி ஹப்பாவுக்கு முந்தைய வாரம் விற்றால்தான் உண்டு. மழை பெய்தால் அதுவும் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் ஒரு சட்டம் வந்தது, சான்றிதழும் இடமும் தரச் சொல்லி. அந்தச் சட்டம் விற்கிறவரைப் பார்த்து எழுதியது. மேதர் விற்கிற இடத்தில்தான் செய்யவும் செய்கிறார். இருபதடி மூங்கிலைக் கிடத்த நீளம் வேண்டும், பிளக்கும்போது பின்னால் போகிறவர் மேல் படாத இடைவெளி வேண்டும், பத்தையை நனைக்கத் தண்ணீர் வேண்டும், முக்கியமாக மாதாமாதம் நியாய விலையில் பச்சை மூங்கில் வந்து இறங்க வேண்டும். நடைபாதை அகலப்படுத்துகிறார்கள், மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள், அவர் இன்னும் நாலு கடை தள்ளி உட்காருகிறார், இப்போதைக்கு.